வெண்புள்ளியின் நாள்கணக்கு

கடல்நீர்த் தொட்டிகளில் அலங்கார மீன்களை அதிகமாகக் கொல்லும் நோய்களில் ஒன்று வெண்புள்ளி. உப்புத்தூளை விசிறியதுபோல் துடுப்பிலும் உடலிலும் வெள்ளைப் பொட்டுகள் தோன்றும். மீன் கல்லிலும் மணலிலும் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். செவுள் வேகமாக அடிக்கும். நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இர்ரிட்டன்ஸ் என்ற ஒருசெல் உயிர். அதன் உடலைச் சுற்றி நுண்மயிர்கள் உண்டு.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி இக்தியோப்திரியஸ் என்ற வேறொரு உயிரால் வருவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் நெருங்கிய உறவு கிடையாது. ராமநாதபுரம் மாவட்டத்து இறால் பண்ணைகளில் 'வெண்புள்ளி' என்று சொன்னால் அது மூன்றாவது ஒன்று, இறாலைத் தாக்கும் வைரஸ். அது மீனுக்கு வராது. கடைக்காரரிடம் "வெண்புள்ளிக்கு மருந்து" என்று மட்டும் கேட்டால் நன்னீர் மருந்து கைக்கு வந்துவிடும். எந்த நீர், எந்த உயிர் என்பதைச் சொல்லாமல் மருந்து கேட்பதில் பயனில்லை.

கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பொட்டு, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்று கொழுக்கும் ஒட்டுண்ணி. அது அங்கே மூன்று முதல் ஏழு நாள்வரை இருக்கும். வயிறு நிறைந்ததும் தோலைத் துளைத்து வெளியேறி, தரையில் சில மணி நேரம் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு ஓடு கட்டிக்கொள்ளும். ஓட்டுக்குள் அது பிளந்து பிளந்து நூறு, இருநூறு குஞ்சுயிர்களாகப் பெருகும். பெரும்பாலான ஓடுகள் மூன்றாம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாளுக்குள் திறந்துகொள்ளும். சோம்பேறி ஓடுகள் சில அதற்கும் பின்னால் திறக்கும். வெளிவரும் குஞ்சுயிர் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

வளர்ப்பவரை ஏமாற்றுவது இந்த நாள்கணக்குதான். ஐந்தாம் நாள் மீன் பளிச்சென்று இருக்கும். புள்ளி மறைந்ததற்கு மருந்தோ, வெள்ளைப்பூண்டுச் சாறோ, வேண்டுதலோ காரணமாகச் சொல்லப்படும். உண்மையில் ஒட்டுண்ணி தன் வேளை வந்ததால் இறங்கிப்போயிருக்கிறது. இரண்டாவது வாரம் அது திரும்பும்போது முன்பு பத்துப் புள்ளி இருந்த மீனில் எண்ண முடியாத அளவு இருக்கும், செவுளுக்குள்ளும் புகுந்திருக்கும். மீன் சாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான். பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருவதுண்டு. அதனால் அது நோயில்லாததுபோல் தெரியும். தொட்டிக்குள் புதிதாக வரும் மீனுக்கு நோயைக் கொடுப்பதும் அதுவாகவே இருக்கலாம்.

இதே ஒட்டுண்ணி மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பவளப்பாறை மீன்களிடம் வாழக்கூடியதுதான். ஆனால் அங்கே ஓட்டிலிருந்து புறப்படும் குஞ்சுயிர்களில் மிகப் பெரும்பங்கு மீனையே பார்க்காமல் அழிந்துவிடும். ஒட்டுண்ணி இருளில் மீனை விட்டு இறங்குவதும், ஓடு விடியலுக்கு முந்தைய நேரத்தில் திறப்பதும் ஆய்வில் தெரிந்த பழக்கம். பாறை இடுக்கில் மீன் அசையாமல் தூங்கும் நேரம் அது. அத்தனை பெரிய கடலில் இப்படி நேரம் பார்த்தால்தான் ஒன்றிரண்டாவது பிழைக்கும். நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தந்திரம் தேவைக்கு மேல் பலிக்கிறது. எந்தப் பக்கம் நீந்தினாலும் மீன் இருக்கிறது.

கடற்கரை ஊர்களில் தொட்டி வைப்பவர்களுக்குச் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. உப்புப் பொட்டலம் வாங்கிக் கரைக்க வேண்டாம். கேனை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனால் போதும். நோய் நுழையும் வழிகளில் ஒன்றும் அதுவே. ராமேஸ்வரம் தீவின் இருபுறமும் நீர் ஒன்றுபோல இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணை, நன்னீர் கலந்து உப்புக் குறையும்; கலங்கியும் இருக்கும். தென்கடல் நீர் பெரும்பாலும் கிலோவுக்கு 35 கிராம் என்ற வழக்கமான கடல் உப்பளவை ஒட்டியே இருக்கும். போன மாதம் ஒரு கரையில், இந்த மாதம் இன்னொரு கரையில் நீர் எடுத்து, உப்பளவு பார்க்காமல் மாற்றினால் மீன் அதிர்ச்சிக்கு உள்ளாகும். அதிர்ந்த மீனின் தோல் ஒட்டுண்ணிக்கு இளகிக் கொடுக்கும்.

எடுக்கும் நாளும் முக்கியம். கடல் திடீரெனப் பச்சையாக மாறுவதை இந்தக் கரையில் பூங்கோரை என்கிறார்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகுவதால் அப்படி ஆகிறது. 2019 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் இது படர்ந்தபோது நீரில் ஆக்சிஜன் வீழ்ந்து மீன்கள் செத்துக் கரையொதுங்கின, பவளங்களும் மடிந்தன. நாக்டிலூகாவின் உடலுக்குள்ளேயே அம்மோனியா சேர்ந்திருக்கும். அது சாகும்போது அந்த அம்மோனியா நீருக்குள் வரும். பூங்கோரை கண்ட வாரங்களில் கடல்நீர் எடுக்காமலிருப்பதே நல்லது. மற்ற நாள்களிலும் எடுத்த நீரை நெருக்கமான துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால் மீன் கிடைக்காத குஞ்சுயிர்கள் அழியும். அவசரமானால் 100 லிட்டருக்கு 3 கிராம் அளவு பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் காற்று ஊத விட்டு, மிஞ்சிய குளோரினைத் தயோசல்பேட் போட்டு நீக்கி, சோதனைக் கருவியில் குளோரின் இல்லை என்று பார்த்துக்கொண்டு பயன்படுத்தலாம். கரையிலிருந்து பவளக்கல் பெயர்த்துவருவது வேறு விஷயம். கடினப் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அந்தக் கல்லின் துளைக்குள் எத்தனை ஓடுகள் ஒட்டியிருக்கின்றன என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

நோய் என்று மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் நீரைச் சந்தேகிக்க வேண்டும். மீன் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பது, செவுள் படபடப்பது, சாப்பிடாமல் மூலையில் ஒதுங்குவது ஆகிய மூன்றும் ஒட்டுண்ணியாலும் வரும், கெட்ட நீராலும் வரும். எல்லா மீன்களுக்கும் ஒரே நாளில் வந்தால் நீர். ஒன்றிரண்டில் தொடங்கிப் பரவினால் தொற்று. இந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியாவின் தொல்லை கூடுதல். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் நச்சு வடிவில் இருக்கும். கார அமிலக் குறியீடு 7 உள்ள நீரைவிட, 8.2 உள்ள கடல்நீரில் அந்தப் பகுதி பத்து மடங்குக்கும் மேல். ஃபில்டரில் அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய மறுநாளே மீன் விடுபவர், அதற்கு அடுத்த வாரம் 'நோய்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த நஞ்சைத்தான். சித்திரை, வைகாசி வெயிலில் ஆக்சிஜனும் குறையும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும், கடல்நீர் ஆறுக்குச் சற்று மேல்தான். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்ற இரவுக்குப் பிறகு காலையில் மீன் செத்துக் கிடந்தால் அதற்கு ஒட்டுண்ணியைத் தேடுவது வீண்.

நீர் சரியாக இருந்து மீன் மட்டும் வாடினால், டார்ச் விளக்கு உதவும். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து ஒளி அடித்துப் பார்க்க வேண்டும். வெண்புள்ளியின் பொட்டுகள் தனித்தனியாக, எண்ணக்கூடியதாக இருக்கும். அதைவிட மிகப் பொடியாக, பொன்தூசு படிந்ததுபோல் பளபளத்தால் அது அமிலோடினியம், வெல்வெட் நோய். இது தோலில் தெரியும் முன்பே செவுளை அடைத்துவிடுவதால் பல மீன்கள் புள்ளியே காட்டாமல் சாகும். மீன் விளக்கைக் கண்டு ஒதுங்கும், பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தைக் கொடுத்து நிற்கும், இரை எடுக்காது. இதன் ஓடு ஒன்றிலிருந்து 256 வரை குஞ்சுயிர்கள் வரக்கூடும். வெண்புள்ளியில் சிகிச்சைக்கு ஒரு வாரம் கிடைக்கும். வெல்வெட்டில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிது.

கோமாளி மீன்களுக்கென்றே பேர்போன நோய் புரூக்ளினெல்லா. கடலில் பிடித்து, கூட்டமாக அடைத்து, பயணம் செய்து வந்த மீன்களில் இது கிளம்பும். புள்ளி இருக்காது, உடம்பு முழுதும் கோழை படர்ந்து, தோல் உரிந்து தொங்குவதுபோல் வெளுத்துவிடும். இது ஓடு கட்டுவதில்லை, மீனின் மேலேயே இரண்டு இரண்டாகப் பிளந்து பெருகும். காத்திருப்பு இல்லாததால் ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் செபே கோமாளி போன்ற இனங்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படித் தொட்டியில் பிறந்த மீனை வாங்குவது கடலைக் காப்பாற்றுவதோடு, புரூக்ளினெல்லாவுக்கு எதிரான முதல் தடுப்பும் ஆகும்.

கண் வெண்மையாக மங்கியிருந்தால், மீன் திரும்பத் திரும்பத் தலையை உதறினால், நியோபெனிடினியா போன்ற தட்டைப்புழுக்களாக இருக்கலாம். இவை கண்ணாடிபோல் நிறமற்றவை, ஆகவே மீனின் மேலேயே இருந்தும் தெரிவதில்லை. கூண்டுகளில் வளர்க்கும் மீன்களையும் இவை விடுவதில்லை. துடுப்பிலும் வாய்க்குள்ளும் கருத்த நூல்போல் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் அட்டையும் உண்டு. இந்தக் கரையில் 'கடல் அட்டை' என்றால் கடலடித் தரையில் கிடக்கும், பிடிக்கத் தடையுள்ள, வேறொரு பிராணி. அதனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மீனைப் பிடிக்கும் அட்டையின் அறிவியல் பெயர் சைலனிக்கோப்டெல்லா அருகமென்சிஸ். 1963-ல் இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்டதால், 'சிலோன்' என்ற பெயரும் கிழக்குக் கரையின் அறுகம் குடாவும் அதன் பெயருக்குள் தங்கிவிட்டன. தென்கிழக்காசியக் களவா மீன் பண்ணைகள் இதை நன்றாகவே அறியும்.

சிகிச்சையில் முதல் விதி, மருந்தை முதன்மைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மணல், கல், சிப்பி எதுவும் இல்லாத வெறும் பெட்டி ஒன்று, ஏர் பம்ப், மீன் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, இவ்வளவுதான் மருத்துவமனை. பவளம், கடற்சாமந்தி, இறால், நத்தை இவற்றில் எதுவும் செம்பைத் தாங்காது. சுண்ணாம்புக் கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் கசியவிடும்.

வெண்புள்ளிக்கு மருந்தே இல்லாத ஒரு வைத்தியம் உண்டு, அது ஒட்டுண்ணியின் நாள்கணக்கை அதற்கு எதிராகவே திருப்புவது. இறங்கிய ஒட்டுண்ணி ஓடு கட்டிக் குஞ்சு விடக் குறைந்தது மூன்று நாள் ஆகும் அல்லவா? அந்த மூன்று நாள் முடியும் முன் மீனைச் சுத்தமான, உலர்ந்திருந்த இன்னொரு பெட்டிக்கு, புதிய நீருக்கு மாற்றிவிட்டால், இறங்கியவை அனைத்தும் பழைய பெட்டியோடு தங்கிவிடும். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நான்கு முறை மாற்றினால் பன்னிரண்டு நாளில் மீனில் இருந்தவை எல்லாம் இறங்கி முடித்திருக்கும், ஒன்றுகூடத் திரும்பி ஏறியிருக்காது. காலி செய்த பெட்டியையும் வலையையும் கழுவி வெயிலில் காயவைத்தால் ஓடுகள் சாகும். இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு ஏர் பம்ப், கடல்நீர் மலிவாகக் கிடைக்கும் ஊர்: ராமநாதபுரம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை. செய்யவேண்டியது ஒழுங்காக நாளை எண்ணுவது. ஒரு நாள் தாமதித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது வெல்வெட்டுக்கு உதவாது, அதன் கணக்கு இன்னும் வேகமானது.

வெல்வெட்டுக்குச் செம்பு. மயில்துத்தம் என்று நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் நீலக் கல்தான் செம்பு சல்பேட். தொட்டிக்கு ஆய்வகத் தரத்தில் உள்ளதை வாங்குவது நல்லது. அதன் எடையில் கால்பங்கே செம்பு. நீரில் லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் செம்பு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். 100 லிட்டருக்கு வேண்டிய மயில்துத்தம் 80 மில்லிகிராமுக்கும் குறைவு. எந்த வீட்டுத் தராசிலும் நிற்காத எடை. ஆகவே 4 கிராமை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் செம்பு இருக்கும். 100 லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், அதையும் ஒரே தடவையில் ஊற்றாமல் இரண்டு நாளில் பிரித்து. தொட்டியின் உண்மைக் கொள்ளளவு தெரிந்திருக்க வேண்டும்: நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். கடல்நீரின் காரத்தன்மையில் செம்பு மெல்லப் படிந்துபோவதால் தினமும் சோதனைக் கருவியால் அளந்து, குறைந்ததை ஈடுகட்டி, இரண்டு முதல் மூன்று வாரம் அளவு குறையாமல் வைத்திருக்க வேண்டும். சோதனைக் கருவி இல்லாமல் செம்பு போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவது.

புரூக்ளினெல்லாவுக்கு ஃபார்மலின் குளியல். குளிர்நாட்டுக் கையேடுகள் நான்கு லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் என்று சொல்லும். இந்தக் கரையின் நீர் பெரும்பாலும் 27 டிகிரிக்கு மேல் இருப்பதால் நான்கு லிட்டருக்கு 0.6 மில்லிலிட்டரே போதும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை, காற்றை முழு வேகத்தில் ஊதவிட்டு. ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். மீன் சாய்ந்தால் நேரம் பார்க்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளை வண்டல் கண்டால் அந்தப் புட்டியைத் தொடவே கூடாது, அது மீனுக்குக் கொடிய நஞ்சு. மனிதருக்கும் ஃபார்மலின் ஆவி புற்றுநோய் வருவிக்கக்கூடியது. கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில்தான் கையாள வேண்டும்.

தட்டைப்புழுவுக்கு நன்னீரே மருந்து. தொட்டியின் வெப்பத்துக்குச் சமமாக்கி, குளோரின் நீக்கி, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுக் காரத்தன்மையைக் கடல்நீருக்குச் சரிசெய்த நல்ல தண்ணீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் மீனை விட்டால், அதுவரை கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் நீர் ஏறி வெளுத்து உதிர்வதைக் காணலாம். நோயைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் ஒரே பக்கெட்டில் நடக்கும் அரிய சந்தர்ப்பம் இது. முட்டைகள் தொட்டியிலேயே இருக்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால் அது இதற்கு ஆகாது, குழாயில் வரும் குடிநீரே சரி. வெண்புள்ளிக்கு இந்தக் குளியல் பெரிதாக உதவாது. அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

மருந்துக் கடையில் வாங்கிய டெட்ராசைக்ளின் கேப்சூலைத் தொட்டியில் பிரித்துப் போடும் வழக்கம் பரவலானது, பயனும் குறைந்தது. கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதால் மீனின் உடலுக்குள் போவது சொற்பம். ஒட்டுண்ணிக்கு அது மருந்தே இல்லை. மிஞ்சுவது, மருந்துக்குப் பழகிய விப்ரியோ பாக்டீரியாவும், ஃபில்டரில் செத்த நல்ல பாக்டீரியாவும், அதன் பின் ஏறும் அம்மோனியாவும். துடுப்பு விளிம்பு கரைந்து சிவந்த கோடு ஓடுவது, உடலில் குழிப்புண், கண் பிதுங்குவது போன்றவை விப்ரியோவின் வேலையாக இருக்கலாம். பெரும்பாலும் அவை காயத்தின் மேலும் கெட்ட நீரின் மேலும் வருபவை. நீரை மாற்றி, சண்டைக்கார மீனைப் பிரித்தாலே ஆரம்ப நிலையில் ஆறிவிடும். முற்றியதற்கு மீன்நோய் தெரிந்த கால்நடை மருத்துவரோ மீன்வள ஆய்வகமோ பாக்டீரியாவைச் சோதித்துச் சொல்லும் மருந்தை இரையில் கலந்து கொடுப்பதே முறை.

துடுப்பில் காலிஃபிளவர்போல் வெள்ளைக் கட்டி மெல்ல வளர்ந்தால் அது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்தில்லை, தேவையுமில்லை. நல்ல இரையும் அமைதியும் கிடைத்தால் சில வாரங்களில் தானே உதிரும். இதை வெண்புள்ளி என்று நினைத்துச் செம்பு போட்டுக் கொல்லப்பட்ட மீன்கள் ஏராளம்.

இவ்வளவு சிகிச்சையிலும் எளியது, நோயை உள்ளே விடாமலிருப்பது. ராமேஸ்வரம் போகும் ரயில் கடலைக் கடக்கும் முன் நிற்கும் மண்டபம் முகாம் என்ற ஊர், பெயரிலேயே இதை வைத்திருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களைக் கப்பலேற்றும் முன், காலராவும் அம்மையும் இருக்கின்றனவா என்று பார்க்கத் தடுத்து வைத்த இலங்கை அரசின் முகாம் அங்கேதான் இருந்தது. மனிதர்களுக்கு அது சுகமான நினைவல்ல. 1947-ல் தொடங்கப்பட்ட கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடக்கக் காலத்தில் இயங்கியதும் அதே மண்டபம் முகாமில். அதன் தலைமையகம் பின்னால் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்து மையம் நிலைத்தது. 2010-ல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கடல்விரால் மீனைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. பொரிப்பகங்களில் கடலிலிருந்து வரும் தாய்மீனை மற்ற மீன்களோடு விடும் முன் தனிமைத் தொட்டியில் வைத்துக் கவனிப்பது அடிப்படைப் பழக்கம்.

வீட்டுத் தொட்டிக்கும் அதே கணக்குத்தான். புதிய மீன் நான்கு முதல் ஆறு வாரம் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும், அதற்கென்று தனி வலை, தனிக் குழாய். பொட்டலத்து நீரை மீனோடு சேர்த்துத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஏற்கெனவே வெண்புள்ளி கண்ட தொட்டியானால், மீன்கள் சிகிச்சையில் இருக்கும்போது அது மீனே இல்லாமல் கிடக்க வேண்டும். ஆறு வாரத்தில் பெரும்பாலான ஓடுகள் திறந்து, குஞ்சுயிர்கள் பட்டினியில் செத்திருக்கும்; சோம்பேறி ஓடுகளையும் கணக்கில் எடுப்பவர்கள் பத்து, பதினோரு வாரம் விடுவார்கள். அதுவரை பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம், ஒட்டுண்ணி அவற்றில் ஏறாது.

தொட்டியில் கை விடுபவரின் தோலிலும் கவனம் தேவை. மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா, கீறலோ புண்ணோ உள்ள கையில் புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். அப்படி ஒன்று வந்தால் மருத்துவரிடம் மீன்தொட்டி வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அவர் வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார். செத்த மீனைக் கடலில் எறியாமல் புதைத்துவிடுவதும், நோய்த் தொட்டியின் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்து, கரையிலிருந்து தள்ளி மண்ணில் ஊற்றுவதும் வளர்ப்பவரின் பொறுப்பு. காலி பெட்டியையும் வலைகளையும் நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிட்டால் அடுத்த மீனுக்குத் தயார்.